கரையில் காத்திருந்தவர்களின் ஓவியர்: விர்ஜினி தெமோன்-பிரெத்தோன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வான்கோவின் ஓவியங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில், அடுப்பருகே குழந்தையை மடியில் கிடத்தி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படத்தை வந்தடைகிறார்கள். அதன் கீழே 'தெமோன்-பிரெத்தோனின் ஓவியத்தைத் தழுவியது' என்று குறிக்கப்பட்டிருக்கும். யார் அந்தத் தெமோன்-பிரெத்தோன் என்ற கேள்வியிலிருந்தே பெரும்பாலான கேள்விகள் தொடங்குகின்றன. இங்கும் அப்படியே தொடங்குவோம்.

விர்ஜினி தெமோன்-பிரெத்தோன் யார்?

1859 ஜூலை 26 அன்று, பிரான்சின் வடகோடியில் உள்ள பா-து-கலே மாவட்டத்தின் கூரியேர் என்னும் ஊரில் பிறந்த ஓவியர். தந்தை ஜூல் பிரெத்தோன், உழவர் வாழ்க்கையை வரைந்து அந்நாளில் பெரும்புகழ் பெற்றவர். கதிர் பொறுக்கி முடித்த பெண்கள் அந்தி வெளிச்சத்தில் வீடு திரும்பும் அவருடைய பெயர்பெற்ற ஓவியமும் மகள் பிறந்த அதே 1859-ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான். தாய் எலோடி, பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து ஓவியர் ஃபெலிக்ஸ் தெ விஞ்ஞின் மகள். சிற்றப்பா எமில் பிரெத்தோனும் ஓவியர். 1880-இல் விர்ஜினி மணந்துகொண்ட அத்ரியான் தெமோனும் இயற்கைக் காட்சி ஓவியரே. விர்ஜினி 1935-இல் பாரிசில் மறைந்தார்.

தந்தை வயலை எடுத்துக்கொண்டார், மகள் கடற்கரையை எடுத்துக்கொண்டார் என்று சொன்னால் ஓரளவு சரியாக இருக்கும். ஆனால் மகளுக்குக் கிடைத்த கரை எது, அதில் அவர் யாரைப் பார்த்தார் என்பதைச் சொல்லாமல் அந்த வாக்கியம் நிறைவடையாது.

அவர் வாழ்ந்த விஸ்ஸான் எப்படிப்பட்ட ஊர்?

கலே நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், பிளான்-நே, கிரி-நே என்னும் இரண்டு நிலமுனைகளுக்கு நடுவே வளைந்து கிடக்கும் மணற்கரையில் உள்ள மீனவக் கிராமம் அது. அங்கே ஆங்கிலக் கால்வாய் மிகக் குறுகி, சுமார் 33 கி.மீ. அகலம் மட்டுமே கொண்டிருப்பதால், வானம் தெளிந்த நாளில் எதிரே இங்கிலாந்தின் வெண்சுண்ணாம்புப் பாறைகள் தெரியும். இடைக்காலத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் துறையாக விளங்கிய ஊர், பின்னர் மணல் மேடிட்டுத் துறையை இழந்தது.

துறை இல்லாமற்போனதுதான் அவ்வூர் மீனவர்களின் வாழ்க்கை முறையைத் தீர்மானித்தது. அவர்களுடைய படகுக்கு 'ஃப்ளோபார்' என்று பெயர். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறுமாறு அடுக்கிக் கட்டிய, அகன்ற, அடிப்பக்கம் தட்டையான மரப்படகு அது. நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். அடி தட்டையாக இருப்பதால் அதை அலை வாயிலிருந்து நேரே மணலில் ஏற்றலாம், மணலிலிருந்து நேரே அலையில் தள்ளலாம். துறைமுகத்தில் கட்டிவைக்கும் படகென்றால், அது புறப்படுவதும் திரும்புவதும் ஊருக்குத் தெரியாமல் நடக்க வாய்ப்புண்டு. கரையிலிருந்தே தள்ள வேண்டிய படகில் ஒருவன் கடலுக்குப் போவதை அவன் மனைவியும் பிள்ளைகளும் கண்ணால் பார்க்கிறார்கள். அவன் வரும் நேரத்தில் அதே மணலில் வந்து நிற்கிறார்கள். விர்ஜினியின் ஓவியங்களைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே போதும் என்று நான் நினைக்கிறேன்.

ஓவியர்கள் ஏன் இப்படிப்பட்ட கடலோர ஊர்களில் கூடி வாழ்ந்தார்கள்?

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரயில் பாதைகள் கடற்கரை வரை நீண்டன. தகரக் குழாயில் அடைத்த எண்ணெய் வண்ணம் 1840களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டதால், திறந்த வெளியில் நின்று வரைவது எளிதாகிவிட்டது. பாரிசை விடக் குறைந்த செலவில் தங்கலாம். உருவ மாதிரியாக அமர ஊர் மக்கள் கிடைத்தார்கள். பிரான்சின் மேற்கே உள்ள பிரித்தானி பகுதியில் பொந்-ஆவென், கொங்கார்னோ ஆகிய ஊர்கள் இவ்வாறு ஓவியர் குடியிருப்புகள் ஆயின. வடக்கே எதாப்ல், பெர்க், எகியென் ஆகிய கடலோர ஊர்களும் அந்த வரிசையில் சேர்ந்தன. பின்னாளில் இந்தக் கடற்கரை முழுவதற்கும் 'ஓபல் கரை' என்று பெயர் சூட்டியவரும் எத்துவார் லெவெக் என்னும் ஓவியரே, ஆண்டு 1911.

விஸ்ஸான் இவற்றில் சிறியது. பிற ஊர்களுக்குக் கோடைக்கு வந்து இலையுதிர்காலத்தில் திரும்பிய ஓவியர்களே மிகுதி. 1880களில் இங்கே வரத் தொடங்கிய தெமோன் தம்பதியினரோ நிலம் வாங்கி, வீடு கட்டி, வாழ்நாள் முழுவதும் இவ்வூரோடு உறவு வைத்திருந்தார்கள்; பாரிசிலும் அதற்கு அருகிலுள்ள மோன்ழெரோனிலும் அவர்களுக்கு வாழ்க்கை இருந்தது என்றாலும், இதுவே அவர்களுடைய மண்.

அவர்கள் கட்டிய வீடு எகிப்தியக் கோயில் போல் இருக்கும் என்பது உண்மையா?

உண்மைதான். கிராமத்துக்கு மேலே, கடலைப் பார்த்த மேட்டில், 1891-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வீட்டின் பெயர் திஃபோனியம். புயலோடும் அழிவோடும் தொடர்புபடுத்தப்பட்ட திஃபோன் என்னும் கடவுளின் பெயரிலிருந்து வந்த சொல் அது. வடிவமைத்தவர் விர்ஜினியின் தாய்வழி உறவினரான கென்ட் நகரத்துக் கட்டடக் கலைஞர் எட்மோன் தெ விஞ். நைல் நதிக்கரைக் கோயில்களின் வாயில் மதில்களைப் போல அடி அகன்று மேலே ஒடுங்கும் சாய்சுவர்களை, மழையும் காற்றும் ஓயாத ஒரு வட ஐரோப்பியக் கரையில் எழுப்பியிருக்கிறார்கள்.

இதைப் பணக்காரரின் விந்தை ஆசை என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தடித்த, சாய்ந்த சுவர் கடற்காற்றை எதிர்த்து நிற்பதற்கு ஏற்ற வடிவம். அந்த மேட்டில் அதற்கொரு பொருத்தம் இருக்கிறது. இரண்டு ஓவியர்கள், அவர்களுடைய மகள்கள், வந்து போகும் நண்பர்கள், ஓவியக் கூடம் எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1985-இல் அது வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டது.

அவர் எதை வரைந்தார்?

மீனவப் பெண்களையும் அவர்களுடைய குழந்தைகளையும். படகோட்டிகளையும் புயலையும் அவர் வரையாமல் இல்லை. ஆனால் அவருடைய பெயரை நிலைநாட்டியவை கரையில் இருப்பவர்களைப் பற்றிய ஓவியங்கள். குழந்தைகளைக் கடலில் குளிப்பாட்டிவிட்டு வரும் மீனவனின் மனைவியை 1881-ஆம் ஆண்டு சலோன் கண்காட்சியில் வைத்தார். சலோன் என்பது பாரிசில் நடந்த ஆண்டுக் கண்காட்சி; ஓர் ஓவியரின் வாழ்வும் தாழ்வும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாயின. 1883-இல் வைத்த 'கடற்கரை' என்னும் ஓவியத்தை அரசே வாங்கியது. அப்போது அவருக்கு 24 வயது கூட நிறைந்திருக்கவில்லை.

அவருடைய மீனவப் பெண்கள் ஒடிந்து விழும் பெண்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். வெறுங்காலோடு மணலில் உறுதியாக நிற்பவர்கள். தோளும் கையும் வேலை செய்து திரண்டவை. குழந்தைகளைப் பெரும்பாலும் ஆடையின்றி, உப்புநீரும் வெயிலும் பட்ட தோலோடு, உண்மையான எடையோடு வரைந்தார். ஒரு தாயின் கை குழந்தையின் தொடைக்குக் கீழே எப்படிப் பிடித்திருக்கும், எந்த விரல் சதையில் அழுந்தியிருக்கும் என்பதை, பிள்ளையைத் தூக்கி இடுப்பு வலித்தவர்களால்தான் இவ்வளவு சரியாகச் சொல்ல முடியும்.

'லோம் எ(த்) ஆன் மேர்' என்ற ஓவியத்தின் பெயருக்கு என்ன பொருள்?

1889-ஆம் ஆண்டு சலோனில் இடம்பெற்ற இந்த ஓவியத்தின் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஆண் கடலில் இருக்கிறான்' என்றாகும். அது வெறும் செய்தியாக நின்றுவிடும். பிரெஞ்சு எளிய மக்களின் பேச்சில் 'லோம்' என்பது, மனைவி தன் கணவனைக் குறிக்கும் சொல். பெயர் சொல்லாமல் 'அவர்' என்று மட்டும் சொல்லி யாரென்று புரியவைக்கும் வழக்கம் நம்மிடமும் இருப்பதால், 'அவர் கடலுக்குப் போயிருக்கிறார்' என்பதே சரியான தமிழாக்கம் என்பது என் கருத்து. கதவைத் தட்டி வந்தவருக்கு அந்தப் பெண் சொல்லும் பதில் போல அது ஒலிக்க வேண்டும்.

படத்தில் கடலே இல்லை. ஓர் இளம்பெண் கணப்பு அடுப்பருகே அமர்ந்திருக்கிறாள். மடியில் குழந்தை தூங்குகிறது. நெருப்பின் ஒளி அவள் மேல் விழுகிறது. இவ்வளவுதான் காட்சி. பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இளைப்பாறும் ஒரு தாய். பெயரைப் படித்த பிறகு, அதே அறையில் ஓர் ஆளின் இடம் காலியாகிவிடுகிறது; அவள் பார்ப்பது நெருப்பையா, வேறெதையா என்ற ஐயம் எழுகிறது. அலையையோ உடைந்த பாய்மரத்தையோ காட்டாமல், பெயர் ஒன்றினாலேயே கடலை வீட்டுக்குள் கொண்டுவந்தது பெரிய ஓவியரால் மட்டுமே ஆகக்கூடிய செயல். நெய்தல் பாடல்களில் 'இரங்கல்' என்று எதைப் படித்திருக்கிறோமோ, அதை அறிந்தவர்களுக்கு இந்த ஓவியத்தை விளக்கத் தேவையில்லை.

வான்கோ இதை ஏன் தழுவி வரைந்தார்?

1889-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் வான்கோ தென் பிரான்சின் சான்-ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தார். வெளியே போய் வரைய இயலாத நாள்களில், தமக்குப் பிடித்த ஓவியங்களின் கருப்பு-வெள்ளை அச்சுப் படங்களை எதிரே வைத்துக்கொண்டு, அவற்றைத் தம் வண்ணங்களில் மறுபடி வரைந்தார். இசைக்கலைஞர் ஒருவர் பிறர் இயற்றியதை எடுத்துத் தம் வழியில் வாசிப்பது போன்றது இது என்று அவரே தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியிருக்கிறார். மிய்யேவின் படங்களே அவற்றில் மிகுதி. தெலக்ருவா, ரெம்பிராண்ட், தோமியே, தொரே ஆகியோரின் படங்களும் உண்டு. இந்த வரிசையில் உள்ள ஒரே பெண் ஓவியர் விர்ஜினி. வான்கோவின் கையில் அந்தப் பெண்ணின் உடை ஊதாவாகவும், நெருப்பின் ஒளி மஞ்சளாகவும் மாறின.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. வான்கோவுக்கு ஜூல் பிரெத்தோன் மீது அளவற்ற மதிப்பு. பெல்ஜியச் சுரங்கப் பகுதியில் வேலையிழந்து வறுமையில் கிடந்த 1880-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தின் இறுதியில், பையில் 10 பிராங்கோடு, பெரும்பாலும் கால்நடையாகவே கூரியேர் வரை போனார். வழியில் ஓரிரவு கைவிடப்பட்ட வண்டியில் படுத்து, காலையில் அது உறைபனியால் வெளுத்திருக்கக் கண்டதாகவும், வைக்கோற்போரிலும் விறகுக் குவியலிலும் தூங்கியதாகவும், வரைந்த சில படங்களைக் கொடுத்து ரொட்டித் துண்டு வாங்கித் தின்றதாகவும் எழுதியிருக்கிறார். பிரெத்தோனின் ஓவியக் கூடம் புதுச் செங்கல்லில் மிடுக்காக எழுந்து நிற்பதைக் கண்டு மனம் சுணங்கி, கதவைத் தட்டத் துணிவில்லாமல் திரும்பிவிட்டார். விர்ஜினிக்கு அப்போது 20 வயது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த வீட்டு மகளின் ஓவியத்தை அவர் தம் அறையில் அமர்ந்து வரைந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அவர் இம்ப்ரெஷனிஸ்டா?

இல்லை. கணத்தில் மாறும் ஒளியை விரைந்த தூரிகை வீச்சில் பிடித்தவர்கள் இம்ப்ரெஷனிஸ்டுகள். காலத்தால் அவர்களோடு வாழ்ந்தவர், முறையால் வேறானவர். உருவத்தைக் கோட்டால் உறுதிசெய்து, பெரிய திரையில், முழுமையாக முடித்து வரையும் சலோன் மரபைச் சேர்ந்தவர். அவருடைய பெயர் மங்கிப்போனதற்கு இதுவே முதற்காரணம். 20-ஆம் நூற்றாண்டு எழுதிய கலை வரலாறு, சலோனில் பதக்கம் வாங்கியவர்களை மொத்தமாகப் பழைமைவாதிகள் என்று ஒரு மூட்டையில் கட்டி அருங்காட்சியகங்களின் கிடங்கில் போட்டது; அந்த மூட்டையில் நல்லவையும் சேர்ந்து போயின.

பெண்களுக்கு ஓவியப் பள்ளியில் இடம் கிடைக்க அவர் என்ன செய்தார்?

பாரிசின் நுண்கலைப் பள்ளியான எக்கோல் தெ போசார் கட்டணமின்றிக் கற்பித்த அரசுப் பள்ளி. ரோமில் தங்கிப் படிக்கும் பெரும் பரிசுக்கு அதுவே வாயில். அதில் பெண்களுக்கு இடமில்லை. தனியார் கூடங்களில் படிக்கலாம். ஆனால் புகழ்பெற்ற ஜூலியன் அகாடமியிலேயே பெண்களிடம் ஆண்களைப் போல இரு மடங்கு கட்டணம் வாங்கினார்கள். ஆடையற்ற மனித உருவத்தைப் பார்த்து வரையும் வகுப்பில் பெண்கள் அமர்வது ஒழுக்கத்துக்குப் பொருந்தாது என்பது முக்கியமான மறுப்பாகச் சொல்லப்பட்டது.

சிற்பி எலேன் பெர்த்தோ 1881-இல் பெண் ஓவியர், சிற்பிகளின் சங்கத்தைத் தொடங்கி இந்தப் போராட்டத்தை முன்னெடுத்தார். விர்ஜினி அதில் சேர்ந்து அவருக்குத் துணைநின்று, 1890-இல் இருவரும் சேர்ந்து அரசு அமைத்த குழுவின் முன் வாதிட்டார்கள். பெர்த்தோவுக்குப் பின் 1895 முதல் 1901 வரை விர்ஜினியே சங்கத்தின் தலைவர். 1897-இல் பள்ளி பெண்களுக்குத் திறந்தது. முதல் மாணவிகள் உள்ளே வந்தபோது ஆண் மாணவர்கள் பெரும் கூச்சலிட்டுக் கலவரம் செய்ததால், பள்ளியைச் சில காலம் மூடவேண்டி வந்தது. 1903-இல் ரோம் பரிசுப் போட்டியும் பெண்களுக்குத் திறந்தது. 1911-இல் லூசியென் எவெல்மான்ஸ் சிற்பத்துக்கான அப்பரிசை வென்ற முதல் பெண் ஆனார்.

விர்ஜினிக்கு இந்தப் பள்ளி தனிப்பட்ட முறையில் தேவைப்படவே இல்லை. வீட்டிலேயே தந்தை ஆசிரியர். சலோனின் கதவு அவருக்கு இளமையிலேயே திறந்துவிட்டது. 1894-இல் பிரெஞ்சு அரசின் உயர்ந்த சிறப்பான லெஜியோன் தொனர் அமைப்பின் செவாலியே விருதும் கிடைத்தது. ஓவியர்களில் அதற்கு முன் அதைப் பெற்ற பெண் ரோசா போனர் ஒருவரே. தமக்கு வீட்டுக்குள்ளேயே கிடைத்ததை வீட்டில் ஓவியத் தந்தை இல்லாத பெண்களுக்கும் வாங்கித் தர அவர் ஆண்டுக்கணக்கில் கடிதமும் கூட்டமுமாக உழைத்தார். அவருடைய ஓவியங்களை விட இந்த உழைப்பைக் குறைவாக மதிக்க என்னால் இயலவில்லை.

விஸ்ஸானில் அவரோடு இருந்தவர்கள் யார்?

இன்று 'விஸ்ஸான் குழு' என்று அழைக்கப்படுவோரில் ஃபெர்னான் ஸ்தியெவ்னார், அவர் மனைவி ஜூலியெத், ஃபெலிக்ஸ் பிளாங்கெத், ஜோர்ஜ் மரோனியே, ஆன்ரி துயெம், அவர் மனைவி மரி துயெம் ஆகியோர் முக்கியமானவர்கள். அத்ரியான் தெமோனின் ஊரான துவே நகரத்தோடு தொடர்புடையவர்கள் இவர்களில் பலர். மரோனியே நீதிபதியாகப் பணியாற்றிக்கொண்டே வரைந்தவர். நல்ல ஒளிப்படக் கலைஞரும்கூட. ஆன்ரி துயெம் வழக்கறிஞர் தொழிலிலிருந்து ஓவியத்துக்கு வந்தவர். துயெம் தம்பதியின் ஒரே மகன் ரெமி 1915-இல் போர்முனையில் இறந்தான். மரி 1918-இல் மறைந்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கூடுகை பழையபடி திரும்பவில்லை.

தெமோன் தம்பதியையும் சேர்த்தால் மூன்று கணவன்-மனைவி இணைகள் ஒரே சிற்றூரில் சேர்ந்து வரைந்ததையும், மனைவியர் மூவரும் தத்தம் பெயரில் ஓவியர்களாக நின்றதையும் கவனிக்கலாம்.

வசதியான வீட்டுப் பெண் ஏழைகளின் துயரை அழகாக்கி விற்றார் என்ற குற்றச்சாட்டுக்கு என்ன பதில்?

கேள்வி நியாயமானது. மேட்டில் கோயில் போன்ற வீடு, கீழே மீனவர் குடிசைகள். இந்த இடைவெளியை மறைக்க முடியாது. அவருடைய சில ஓவியங்களில் தாய்மை புனிதப் படம் போல் மெருகேறி நிற்பதும் உண்மை. அவற்றை நான் விரும்புவதில்லை. குடும்பத்தையும் குழந்தையையும் பெண்ணின் வாழ்க்கைக்கு நடுவில் வைத்தே அவர் சிந்தித்தார் என்பதும் அவருடைய எழுத்துகளிலிருந்து தெரிகிறது.

ஆனால் ஒரு கோடை வந்து பார்த்துவிட்டுப் போனவரின் பார்வை அல்ல அது. தலைமுறை மாறும் அளவுக்கு அதே மக்களோடு வாழ்ந்து, அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கடலுக்குப் போவோரின் வீரத்தைப் பாடிய ஓவியங்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அவர்கள் போன பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பதை, ஒரு தொழிலுக்குரிய கனத்தோடு, பெரிய திரையில் வரைந்தவர்கள் குறைவு.

பிற்காலத்தில் என்ன செய்தார்?

தொடர்ந்து வரைந்தார், கவிதையும் எழுதினார். 1914-இல் லெஜியோன் தொனர் அமைப்பில் அடுத்த நிலைக்கு உயர்த்தப்பட்டார். 1926 முதல் தம் நினைவுகளை, வாழ்ந்த வீடுகளின் வழியாகச் சொல்லும் நூல்வரிசையாக வெளியிட்டார். 1928-இல் அத்ரியான் மறைந்தார்.

அவருடைய ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

'கடற்கரை' அராஸ் அருங்காட்சியகத்துக்குரியது. பைபிள் கதையை ஒட்டி 1895-இல் வரைந்த 'இஸ்மாயில்' பூலோன்-சுர்-மேர் நகரத்திலும், 1905-ஆம் ஆண்டின் 'அலைக்கழிக்கப்பட்டவர்கள்' லீல் நகரத்திலும் உள்ளன. எல்லாம் எப்போதும் சுவரில் தொங்குவதில்லை. போகுமுன் அருங்காட்சியகத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

திஃபோனியம் தனியார் இல்லம் என்பதால் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். விஸ்ஸானுக்குப் போகிறவர்கள் ஃப்ளோபார் படகுகளையும் பார்த்துவிட்டு வரவேண்டும். மணலில் இழுத்தேற்ற ஆள் கூடிய காலம் போய், இப்போது டிராக்டரில் கட்டி இழுத்துவந்து ஊருக்குள் நிறுத்துகிறார்கள். கரையோரத்துத் தெருவில் நிற்கும் அந்தப் படகின் பக்கவாட்டில் கைவைத்துப் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பலகைகளின் விளிம்புகள் விரலுக்குத் தட்டுப்படும்.